சிவப்புத் தூள்

காரின் கதவைக் கௌசி சாத்திய சாத்தலில், டாஷ்போர்டில் சின்னச் சிலையாய் நின்ற அந்தோனியார் குப்புற விழுந்தார்.

கிறிஸ்துராஜா அவரை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "கோபத்தை மனிசரில காட்டு தங்கச்சி. இவர் பாவம். தொலைஞ்சதைத் தேடிக் குடுக்கிற ஆள். எங்கட தொழில்காரர்."

"கறித்தூளில பிரட்டி வைச்சுப் பசுவைச் சாக்காட்டினவனாம். கேட்டீங்களோ அண்ணை? கறித்தூளாம்."

"கேட்டனான். நீ போனை ஸ்பீக்கரில போட்டால் நான் என்ன காதைப் பொத்திக்கொண்டோ காரோட்டுறது?"

வெம்பிளியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே கௌசியின் துப்பறியும் அலுவலகம். அதற்கு முன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் சொல்பவர்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துராஜா லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயது மூத்த உதவியாளர். ஊரில் உள்ள எல்லாப் பொய்யும் ஒருநாள் பஸ்ஸில் ஏறும் என்பது அவர் கட்சி.

தொலைபேசியில் பேசியவர் அம்பலவாணன். அவர்தான் இந்த வழக்கைக் கொடுத்தவர். ஹரோவில் இருக்கும் கணக்காளர், கோயில் நிர்வாகசபை உறுப்பினர், ஹெல்ம்வுட் வில்லா அறக்கட்டளையின் தலைவர். முந்தாநாள் அலுவலகத்துக்கு வந்தபோது கழுத்தில் டை கட்டியிருந்தார். நெற்றியில் விபூதிக்கு நடுவே சந்தனமும், அதன்மேல் குங்குமமும். ஒரு குங்குமப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். "மனிசி வீட்டில செய்தது. கடைக் குங்குமம் மாதிரிச் சாயமில்லை. நல்ல காரியம் தொடங்கேக்க இருக்கட்டும்."

நல்ல காரியம் இதுதான். வில்லாவின் பசு செத்துவிட்டது. தோட்டக்காரர் சற்குணம் நஞ்சு வைத்தார். இன்று பின்னேரம் அறக்கட்டளைக் கூட்டம். அதில் கௌசி எழும்பி நின்று, விசாரித்தேன், அவர்தான் செய்தார் என்று நாலு வசனம் சொல்லவேண்டும். அதோடு சற்குணத்தின் வேலை போகும், வில்லா வாசலில் அவர் இருக்கும் வீடு போகும், விஷயம் பொலிசுக்குப் போகும்.

"எங்கட ஆள் செய்த பிழையை எங்கட ஆக்களே சொல்லவேணும் பிள்ளை," என்று அன்றைக்கு அவர் சொன்னார். "வெள்ளைக்காரர் சொன்னால் இனவாதம் எண்டு கதை கட்டுவினம்."

அந்த வசனம் அன்றிலிருந்து அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

*

ஹெல்ம்வுட் வில்லா ஹரோவுக்கு அப்பால், வீடுகள் ஓய்ந்து வயல் தொடங்கும் மேட்டில் இருந்தது. ரோமர் காலத்து வீடு. இப்போது மிஞ்சியிருப்பது முழங்கால் உயரச் சுவர்களும், கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு மொசைக் தரையும்தான். தோட்டத்தையும் பண்ணையையும் மட்டும் பழையபடி உயிர்ப்பித்திருந்தார்கள். அத்தி, திராட்சை, ரோஸ்மேரி. மண்ணிறச் செம்மறிகள். மயிர் அடர்ந்த ஒரு பன்றி. இரண்டு வாத்துகள் கழுத்தை நீட்டிக்கொண்டு கிறிஸ்துராஜாவை நோக்கி வந்தன.

"டிக்கெற் இல்லாமல் ஏறினவனைப் பாக்கிற மாதிரிப் பாக்குது," என்றார் அவர். கௌசிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பண்ணையின் பொறுப்பாளர் ஹெலன் வந்தாள். சேற்றுச் சப்பாத்து, சிவந்த கண்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினாள். இந்த வீட்டைக் கட்டியவன் கோல் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்சிலிருந்து, கடல் தாண்டி வந்தவன் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். அறைகளின் அமைப்பு அங்குள்ள வில்லாக்களைப் போலவே இருக்கிறது. அதனால்தான் பிரான்சில் அப்படியொரு வில்லாத் தோட்டத்தில் வேலை செய்த சற்குணத்தை இங்கே எடுத்தார்கள்.

"பிரான்சில இருந்து வந்து லண்டனில வீடு எடுத்தவர்," என்றார் கிறிஸ்துராஜா தமிழில். "எங்கட ஆள்தான்."

ஹெலன் அவர்களை நடுமுற்றத்துக்குக் கூட்டிப் போனாள். இரும்புக் கதவு, பூட்டு. உள்ளே ஆள் உயர மண்சாடிகள். ஒவ்வொன்றிலும் நீண்ட இலைகளோடு செடி, நுனியில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. ஹெலன் அதை ஒலியாண்டர் என்றாள்.

"அலரி," என்றாள் கௌசி.

பசுவின் வயிற்றில் இதன் இலைதான் இருந்தது என்று மிருகவைத்தியர் சொல்லிவிட்டார். முற்றத்துப் பூட்டின் திறப்பு மூன்று பேரிடம். ஹெலன், சற்குணம், அம்பலவாணன்.

"எங்கள் பசு அகஸ்தா பச்சை இலையில் வாய் வைக்கமாட்டாள். அவ்வளவு கசப்பு," என்றாள் ஹெலன். "யாரோ இலையைக் காயவைத்து, ருசியை மறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஓடிவந்து கையை நக்குவாள். அப்படி வந்துதான் இதையும் தின்றிருப்பாள். அந்த ஆளை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது."

கோபத்தில் தன்னைப்போல ஒருத்தி என்று கௌசி நினைத்தாள். அதனால் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"ருசியை மறைத்தது கறித்தூள் என்று யார் சொன்னது?"

"தொட்டியின் விளிம்பில் சிவப்பாக ஒரு தூள் இருந்தது. அவள் முகத்திலும் இருந்தது. எனக்கு என்னவென்று தெரியவில்லை. திரு. அம்பலவாணன்தான் விரலால் தொட்டு, மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். மிளகாய்த்தூள், எங்கள் சமையலில் போடுவது என்றார். சற்குணம் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மிளகாய்ச் செடி ஒளித்து வைத்திருந்தார். ரோமருக்குத் தெரியாத செடி எதுவும் இங்கே வளரக்கூடாது என்பது விதி."

மாட்டுக் கொட்டில் வெறுமையாக இருந்தது. தீன்தொட்டியின் பலகை இடுக்கில் அந்தத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கௌசி நகத்தால் சுரண்டி ஒரு டிஷ்யூவில் எடுத்தாள். மூலையில் வைக்கோலுக்குள் ஒரு வெள்ளை நூல் கிடந்தது. சாண் நீளம். நெருக்கமாகச் சுருக்கு விழுந்திருந்தது. அதையும் எடுத்தாள்.

"நூல் கிடைச்சிட்டுது," என்றார் கிறிஸ்துராஜா. "இனிப் பட்டம்தான் தேடவேணும்."

*

சற்குணம் வாசல் வீட்டில் உடுப்புகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர்களைக் கண்டதும் நிறுத்தவில்லை.

"அவர் அனுப்பின ஆக்களோ?"

"ஓம் அண்ணை," என்றாள் கௌசி.

சற்குணம் பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். மொழிபெயர்க்கத் தேவைப்படாத வார்த்தை.

"மிளகாய்க் கண்டு உங்கடைதானே?"

"ஓம். போய்ப் பாருங்கோ. பூவே வரேல்லை. பூ வராத கண்டில நான் தூள் இடிச்சனானாம். என்னை ஒரு சொல்லு கேக்கேல்லை, பிள்ளை. அம்பலவாணன் ஐயா விரலை மணந்தார், என்னைப் பாத்தார். எல்லாரும் என்னைப் பாத்தினம். முடிஞ்சுது." சட்டையொன்றை மடிக்காமலே பைக்குள் குத்தினார். "அகஸ்தா எண்டு வாயில வராது எனக்கு. அக்கா எண்டுதான் கூப்பிடுறனான். அக்கா எண்டால் வயலின்ர மற்றப் பக்கத்தில நிண்டாலும் திரும்பிப் பாக்கும். அதுக்கு நான் நஞ்சு வைப்பனோ?"

"எங்க போகப் போறீங்கள்?"

"தெரியாது. மனோர் பார்க்கில இருக்கிற ஒருத்தர் தன்ர வீட்டுச் சோபாவில படுக்கலாமெண்டார். மாட்டைச் சாக்காட்டினவன் எண்டு கேள்விப்பட்டால் அவரும் கதவைச் சாத்துவார்."

கௌசி வெளியே வந்தாள்.

"அண்ணை, நான் எதையாவது உடைக்கப்போறன்."

"உடைக்கிறதெண்டால் சாப்பிட்டிட்டு உடை," என்றார் கிறிஸ்துராஜா.

*

மேட்டின் அடிவாரத்தில் மீனும் சிப்ஸும் விற்கும் கடையொன்று இருந்தது. காருக்குள் இருந்தே சாப்பிட்டார்கள். அதாவது கிறிஸ்துராஜா சாப்பிட்டார். கௌசி டிஷ்யூவை டாஷ்போர்டில் விரித்து வைத்து, அந்தத் தூளை முறைத்துக்கொண்டிருந்தாள். மணந்து பார்த்தாள். மாட்டுத்தொட்டி மணந்தது.

"நீ முறைச்சால் அது உண்மை சொல்லாது," என்றார் கிறிஸ்துராஜா. சிப்ஸுக்குப் புளிப்பாக ஊற்றும் வினாகிரிப் பையைப் பல்லால் கிழித்தார். கிழிந்த வேகத்தில் பாதி அவர் மடியிலும், சில துளிகள் டிஷ்யூவிலும் தெறித்தன.

"அண்ணை!"

"பிழைதான், பிழைதான். பொறு." குனிந்து பார்த்தார். சிப்ஸ் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "தங்கச்சி. மிளகாய்க்கு மஞ்சக்காமாலை."

துளி விழுந்த இடங்கள் மஞ்சளாகியிருந்தன. பளிச்சென்ற மஞ்சள்.

மிளகாய்த்தூளில் வினாகிரி விட்டால் அது சிவப்பாகவே கிடக்கும். அச்சாறு போட்ட எவருக்கும் தெரியும். கௌசி காரின் முன்தட்டைத் திறந்தாள். அம்பலவாணன் கொடுத்த பொட்டலம் அங்கே இருந்தது. சுவாமிச் சாமானைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று கிறிஸ்துராஜாதான் அங்கே வைத்திருந்தார். ஒரு சிட்டிகை எடுத்து டிஷ்யூவின் மற்ற மூலையில் வைத்தாள். மிஞ்சிய வினாகிரியில் ஒரு துளி.

மஞ்சள்.

"குங்குமம்," என்றாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்தது. புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகிடும். கடையில விக்கிற சாயக் குங்குமம் இப்பிடி மாறாது."

ஹெலனுக்கு அழைத்தாள். பசுவின் முகத்தில் தூள் இருந்தது என்றாயே, முகத்தில் எங்கே?

பதிலுக்குப் படமே வந்தது. வைக்கோலில் சரிந்து கிடந்தது ஒரு சின்னக் கறுப்புப் பசு. வாயில் சிவப்பில்லை. மூக்கில் இல்லை. இரண்டு கொம்புகளுக்கும் நடுவே, வட்டமாக, விரல் வைத்த அளவு.

"நெத்தியால தின்னுற மாட்டை நான் காணேல்லை," என்றார் கிறிஸ்துராஜா. சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. "பொட்டு வைச்சிருக்கினம்."

கௌசி நூலை விரலில் சுற்றினாள். சுருக்குக்குச் சுருக்கு ஒரு பூ இருந்த இடம். மாலை கட்டிய நூல்.

"சுவாமிக்குச் சாத்தின பூ. வாடின பிறகு குப்பையில போடேலாது. கால்படுற இடத்திலயும் போடேலாது. ஆரோ பயபக்தியாக் கொண்டு வந்து பசுவுக்குக் குடுத்திருக்கினம். பொட்டு வைச்சுக் கும்பிட்டு."

"அப்ப கொலை இல்லை. புண்ணியம்." கிறிஸ்துராஜா கையைத் துடைத்தார். "அம்பலவாணன் ஐயாவுக்குப் போன் அடிச்சுச் சொல்லு. மனுசன் பிழையா விளங்கிட்டார். சந்தோசப்படுவார்."

கௌசி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தைக் கண்டதும் அவர் காரைக் கிளப்பினார்.

*

ஹரோவில் அம்பலவாணனின் வீடு, ஒரு சுவரைப் பக்கத்து வீட்டோடு பங்குபோட்ட வீடு. முன்முற்றம் முழுவதும் புதிதாகக் கல் பதித்திருந்தது. இரண்டு கார் நிற்க இடம். புல் நுனி வெளியே வர ஒரு வெடிப்பில்லை.

அம்பலவாணன் கூட்டத்துக்கு ஆயத்தமாக நின்றார். டை. நெற்றியில் விபூதி, சந்தனம், குங்குமம்.

"வாங்கோ பிள்ளை. எல்லாம் சரிதானே?"

"சரி ஐயா." கௌசி டிஷ்யூவை அவர் முன்னால் விரித்தாள். "இது தொட்டியில இருந்தது. இது நீங்கள் தந்தது. இரண்டிலயும் வினாகிரி விட்டனாங்கள்."

அவர் அந்த மஞ்சளைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"ஹெலன் அதை மிளகாய்த்தூள் எண்டு..."

"ஹெலன் சொல்லேல்லை. ஹெலன் சிவப்புத் தூள் எண்டுதான் சொன்னவ. தொட்டு, மணந்து, மிளகாய் எண்டது நீங்கள்."

"அவசரத்தில, பிள்ளை... ஆருக்கும் பிழை வரும்."

"வரும். ஹெலனுக்கு வரும். பொலிசுக்கு வரும். குங்குமத்தைக் கண்ணால காணாத எல்லாருக்கும் வரும்." கௌசியின் குரல் உயரவில்லை. தாழ்ந்தது. "நீங்கள் எத்தினை வருசமா ஒவ்வொரு விடியவும் அதை விரலால தொட்டு நெத்தியில வைக்கிறீங்கள் ஐயா? அதே விரல். அந்த விரலுக்குமோ பிழை வந்தது?"

கிறிஸ்துராஜா கதவோரமாக நின்று தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"மெதுவாக் கதையுங்கோ," என்றார் அம்பலவாணன். "மனிசி உள்ளுக்க நிக்கிறா."

அப்புறம் அவர் கிசுகிசுத்தார். மனைவி சிவனேஸ்வரிக்கு அம்மனுக்குச் செவ்வலரி வைக்கவேணும். லண்டனில் எங்கே எடுப்பது? வெள்ளிக்கிழமைகளில் சனம் வரமுதல் தன் திறப்பால் முற்றத்தைத் திறந்துவிடுவார். அவ நாலு பூ பறிப்பா. போன வெள்ளி வைத்து எடுத்த வாடின பூவைப் பசுவுக்குக் குடுத்துக் கும்பிடுவா. நாலு இதழ்தானே, ஒன்றும் ஆகவில்லை. ஆடி வெள்ளிக்கு மட்டும் இலையோடு கொப்பாக வெட்டி, மாலையும் கட்டி, படமெல்லாம் சாத்தினா. அது ஒரு கிழமை காய்ந்தது. காய்ந்ததில் கசப்புப் போய்விட்டது.

"பச்சை அலரியில ஊரில ஒரு மாடும் வாய் வைக்காது. தின்னக்கூடாதெண்டால் அது தின்னாது எண்டு அவ நினைச்சா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்சால் செத்துப்போவா. பசுவைச் சாக்காட்டின வீடு எண்டு சொல்லுவினம் பிள்ளை. நான் கோயில்ல எப்பிடி நிக்கிறது?"

"நீங்கள் நிக்கிறதுக்காக அந்த மனிசன் தெருவில நிக்கவேணுமோ? அவர் அங்க பை அடைக்கிறார்."

"அவன் தனி ஆள். அவனுக்கு வேற இடம் கிடைக்கும்."

"அதைச் சொல்லுறதுக்குத்தான் எங்களைப் பிடிச்சனீங்கள். தமிழன் கறித்தூளில நஞ்சு வைச்சான் எண்டு சொல்ல ஒரு தமிழ் வாய் தேவைப்பட்டது. அதுக்கு என்ர வாய்." கௌசி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "குங்குமம் தந்து தொடக்கி வைச்சனீங்கள்!"

உள்கதவு திறந்தே இருந்தது. எப்போதிருந்து என்று யாரும் கவனிக்கவில்லை. சிவனேஸ்வரி அங்கே நின்றார். கையில் ஒரு கடதாசிப் பை.

அவர் அழவில்லை. நேராக வந்து அந்தப் பையைக் கணவரின் மடியில் வைத்தார். பைக்குள் சருகான அலரி இலைகளும் கறுத்த பூக்களும்.

"மிச்சத்தை வாற வெள்ளிக்குக் கொண்டு போக எடுத்து வைச்சிருந்தனான்," என்றார். "முந்தி ரோசா மரத்துக்குக் கீழ மண்ணுக்குள்ள தாட்டனான். நீங்கள் கார் விடக் கல்லுப் பதிச்சனீங்கள். எங்க போடுறது எண்டு கேட்டனான். நீங்கள் பேப்பர் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். இப்பயும் கேக்கிறன். இதை எங்க போட? இந்த வீட்டில மண் எங்க இருக்கு? சொல்லுங்கோ."

அம்பலவாணன் பையைத் தொடவில்லை. அதைத் தள்ளவும் துணியவில்லை.

"ஏழு நாளா நான் அந்தப் பசுவுக்கு விளக்கு வைக்கிறன். பாவி, மிளகாய்த்தூளில நஞ்சு வைச்சானே எண்டு அவனைத் திட்டித் திட்டி வைக்கிறன். நீங்கள் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"சிவனேஸ், உன்னைக் காப்பாத்தத்தான்..."

"என்னையோ?" அவர் கணவரின் நெற்றியை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான். பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கதவடியில் குனிந்து சப்பாத்தைப் போட்டார்.

"பிள்ளை, அந்த மனிசனுக்கு என்ன பேர்?"

"சற்குணம்," என்றாள் கௌசி.

"சற்குணம்." மனப்பாடம் பண்ணுவதுபோல் சொன்னார். "பேரும் தெரியாமல் திட்டியிருக்கிறன். தம்பி, உங்கட காரில இடமிருக்கோ?"

கிறிஸ்துராஜா வெளியே போய்க் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"கூட்டத்துக்குத்தானே அன்ரி?" என்று கேட்டாள் கௌசி.

"கூட்டம் நிக்கட்டும்," என்றார் சிவனேஸ்வரி. "முதல் சற்குணத்திட்ட விடுங்கோ. அவர் பை அடைச்சு முடிக்கமுதல்."